டார்க் மேட்டர் துகள்: தேடித் தேடி ஒண்ணும் கெடைக்கலையே, இன்னும் எதை நம்பித் தேடுறாங்க?

#1 வெட்டிப்பேச்சு

ரொம்ப நாளா மனசுல ஓடுற கேள்வி, சண்டைக்கு வராம பதில் சொன்னா சந்தோஷம். டார்க் மேட்டர் (ஒளிக்குச் சிக்காம ஈர்ப்பை மட்டும் காட்டுற பொருள்) துகளைப் புடிக்க 1987ல ஒரு சின்ன ஜெர்மானியம் டிடெக்டரை அமெரிக்காவுல இருக்குற ஹோம்ஸ்டேக் சுரங்கத்துக்குள்ள எறக்கி ஆரம்பிச்சாங்க, அப்புறம் கிலோ கணக்கு, நூறு கிலோ கணக்கு, டன் கணக்கு, இப்போ அதே சுரங்கத்துல எல்இசட் டிடெக்டர் 7 டன் திரவ செனானை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. 2024 ஆகஸ்ட்ல 280 நாள் டேட்டாவை அலசிட்டு "விம்ப் (கனமான, ரொம்ப அபூர்வமா மட்டும் மோதுற ஊகத் துகள்) எதுவும் தென்படல"ன்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அதே டயலாக் தான், இதுவரைக்கும் இல்லாத துல்லியம், ஆனா சிக்னல் இல்ல, அடுத்த டிடெக்டர் இன்னும் பெருசு. எது நடந்தா இவங்க "சரிப்பா, டார்க் மேட்டர்னு ஒண்ணு கெடையாது"ன்னு ஒத்துக்குவாங்க? அதை மட்டும் சொல்லுங்க.

(முதல்ல கணக்குல மட்டும் இருந்து அப்புறம் கண்ணுல பட்ட நெப்டியூன் கதை, கடைசியில இல்லவே இல்லன்னு ஆன ஈதர் கதை ரெண்டும் தெரியும், யாரும் ஆரம்பிக்காதீங்க.)

#2 பால்வெளிப்பயணி

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீங்க தல. டார்க் மேட்டர் இருக்குன்னு நம்புறதுக்கும் சுரங்கத்துக்குள்ள இருக்குற செனானுக்கும் சம்பந்தமே இல்ல. 1933ல ஸ்விக்கி கோமா கேலக்ஸிக் கூட்டத்தைப் பார்த்து, இவ்வளவு வேகத்துல ஓடுற கேலக்ஸிங்க சிதறிப் போகாம எப்படி ஒண்ணா நிக்குதுன்னு கேட்டார். 1970ல வெரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமிடா சுழற்சி வேகத்தை அளந்தாங்க, வெளிச்சம் குறையுற வெளி ஓரத்துலயும் வேகம் எதிர்பார்த்த மாதிரி குறையல. இதெல்லாம் பழசு, விடுங்க. பெருவெடிப்பு மிச்ச ஒளியில இருக்குற ஏற்ற இறக்கத்தை பிளாங்க் செயற்கைக்கோள் அளந்துச்சு பாருங்க, அதுல இருந்து வர்ற கணக்கு: சாதாரண பொருள் சுமார் 5 சதவீதம், டார்க் மேட்டர் சுமார் 27 சதவீதம். கேலக்ஸியே உருவாகாத காலத்து டேட்டா அது. அதுல வர்ற விகிதமும் இன்னைக்கு கேலக்ஸிக் கூட்டங்கள்ல அளக்குற விகிதமும் ஒத்துப்போகுது.

டிடெக்டர்ல ஒண்ணும் விழலன்னா அடிபடுறது "அந்தத் துகள் இப்படித் தான் இருக்கும்"ங்கிற ஊகம் மட்டும் தான். பொருள் இருக்குங்கிறது அப்படியே நிக்குது.

#3 மாண்ட்_மணி

ஸ்விக்கியை இழுத்தீங்களே, அந்தக் கூட்டத்துல அவர் காணோம்னு தேடினதுல ஒரு பங்கு பின்னாடி எக்ஸ்ரேல சூடான வாயுவாத் தெரிஞ்சுது, சாதாரண ஹைட்ரஜன் ஹீலியம் தான் அது. கேலக்ஸிக் கூட்டங்கள்ல நட்சத்திரங்களை விட அந்த வாயு தான் எடை அதிகம். அன்னைக்கும் "கண்ணுக்குத் தெரியாத பொருள்"னு தான் சொல்லியிருப்பாங்க. 1983ல மில்குரோம் ஒரே ஒரு முடுக்க அளவை வச்சு, அதுக்குக் கீழ போனா ஈர்ப்பு வேற மாதிரி நடந்துக்கும்னு எழுதினார். கண்ணுக்குத் தெரியுற பொருளை மட்டும் வச்சு சுழல் கேலக்ஸியோட சுழற்சியை அது எப்படி இவ்வளவு அழகா சொல்லுதுன்னு டார்க் மேட்டர் கோஷ்டி இன்னும் வாய் திறக்கல.

#4 பால்வெளிப்பயணி

தனித்தனி கேலக்ஸியில மாண்ட் (மில்குரோமோட அந்த மாற்று ஈர்ப்பு) நல்லா வேலை செய்யுது, அதை யாரு மறுத்தா? ஆனா கூட்டங்களுக்குப் போனா அந்த வாயுவையும் சேர்த்துக் கணக்குப் போட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பொருள் பத்தல, அப்போ அங்கயும் ஏதோ ஒரு இருண்ட சமாச்சாரத்தைச் சேர்க்க வேண்டியிருக்கு. 2006ல வந்த புல்லட் கிளஸ்டர் படத்தைப் பாருங்க, ரெண்டு கூட்டம் மோதினப்போ வாயு நடுவுல மாட்டிக்கிச்சு, ஆனா ஒளியை வளைக்கிற எடை கேலக்ஸிங்களோட சேர்ந்து ரெண்டு பக்கமும் தாண்டிப் போயிருக்கு. எடை அதிகமா இருக்குற வாயுவை விட்டுட்டு ஈர்ப்பு எப்படி வேற எடத்துல உக்காரும்? அந்த மிச்ச ஒளியோட ஏற்ற இறக்க வரைபடத்துல இருக்குற மூணாவது சிகரத்தையும் மாண்டை வச்சுக் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

#5 நிர்வாகி

மாண்ட் பத்தி ஏற்கனவே ஒரு இழை ஓடுது, சண்டையை அங்க வச்சுக்கோங்க. இங்க துகள் தேடல் மட்டும்.

#6 கத்துக்குட்டி

அண்ணே, அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீங்க. கண்ணுக்கும் தெரியாது, ஒளியையும் தொடாதுன்னா அதை ஒரு தொட்டி செனானுக்குள்ள எப்படிப் புடிப்பாங்க? மோதுனா என்ன ஆகும்?

#7 துகள்வேட்டை

தம்பி இதுல சிரிக்க என்ன இருக்கு, இது தான் மெயின் மேட்டரே. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நம்ம சூரியன் இருக்குற இடத்துல டார்க் மேட்டர் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு சுமார் 0.3 ஜிஇவி (துகளோட நிறையைச் சொல்ற அலகு), அதாவது மூணு கனசென்டிமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் அணுவோட எடை. துகளோட நிறை 100 ஜிஇவின்னு வச்சுக்கிட்டா 300 கனசென்டிமீட்டருக்கு ஒண்ணு. நாம கேலக்ஸியைச் சுத்துற வேகம் வினாடிக்கு சுமார் 220 கிலோமீட்டர், பெருக்கிப் பாரு, ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒவ்வொரு வினாடியும் 60,000க்கு மேல கடந்து போகணும். கடந்து போறது பிரச்சனையில்ல, மோதணும்ல. எல்இசட் இதுவரைக்கும் வச்சிருக்குற எல்லைப்படி பார்த்தா ஒரு டன் செனான்ல வருஷத்துக்கு ஒரு மோதல் வந்தாலே அதிகம்.

மோதுனா செனான் அணுக்கரு லேசா பின்வாங்கும். அதுல ஒரு குட்டி வெளிச்சம் வரும், அது முதல் சிக்னல். கூடவே கொஞ்சம் எலெக்ட்ரான் கழண்டுக்கும், அதை மின்புலம் வச்சு மேல இழுத்துட்டுப் போவாங்க, திரவத்துக்கு மேல இருக்குற வாயுப் படலத்துக்குள்ள வந்ததும் இன்னொரு பெரிய வெளிச்சம் வரும், அது ரெண்டாவது. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற நேரத்தை வச்சு ஆழம் தெரியும், மேல இருக்குற ஒளிக்குழாய்கள்ல எது அதிகமா மின்னுச்சுன்னு பார்த்தா எடம் தெரியும். முக்கியமான விஷயம் ரெண்டாவதுக்கும் முதலாவதுக்கும் இருக்குற விகிதம், காமா, பீட்டா வந்து எலெக்ட்ரானை இடிச்சா அந்த விகிதம் பெருசா இருக்கும், அணுக்கருவை இடிச்சா சின்னதா இருக்கும். அதை வச்சுத் தான் குப்பையைக் கழிக்கிறாங்க.

உண்மையைச் சொன்னா இந்த ஆராய்ச்சியில முக்கால்வாசி குப்பையைக் கழிக்கிற வேலை தான். விண்வெளிக் கதிர் வராம இருக்க சுமார் 1.5 கிலோமீட்டர் பாறைக்குக் கீழ போறது, சுத்தி தண்ணித் தொட்டி கட்டுறது, கதிரியக்கம் கம்மியான டைட்டானியம் தேடிப் பாத்திரம் செய்யுறது, செனானுக்குள்ள கலந்திருக்குற கிரிப்டானைக் கரியில ஓடவிட்டுப் பிரிக்கிறது. ஆனாலும் ரேடான் கசிஞ்சு வந்துட்டே இருக்கும், எந்த உலோகமா இருந்தாலும் மேற்பரப்புல இருந்து வந்துடும். செனானுக்கு ஒரு நல்ல குணம், தானே கனமா இருக்குறதால வெளியில இருந்து வர்ற காமாவை ஓரத்துலயே முழுங்கிடும், நடுவுல இருக்குற சில டன் சுத்தமா இருக்கும். அங்க மட்டும் தான் பார்ப்பாங்க.

#8 கத்துக்குட்டி

சூப்பர் அண்ணே. வினாடிக்கு 60,000ன்னா அப்போ பூமிக்குள்ள மலை மலையா கெடக்கணுமே?

#9 பால்வெளிப்பயணி

அதான் இல்ல. பூமியோட மொத்தக் கன அளவையும் அந்த 0.3 ஜிஇவியால பெருக்கிப் பாரு, ஒரு நேரத்துல பூமி அடைச்சிருக்குற எடத்துக்குள்ள இருக்குற மொத்த டார்க் மேட்டர் அரைக் கிலோ சொச்சம் தான் வரும். அதனால தான் கிரகங்களோட பாதையில அது எந்த வித்தியாசமும் காட்டாது. கேலக்ஸி அளவுக்கு விரிஞ்ச எடத்துல கூட்டிப் பார்த்தா தான் அதோட கை ஓங்குது.

#10 வெட்டிப்பேச்சு

எல்லாம் நல்லா தான் இருக்கு, ஆனா இவங்க கையில டேட்டா வந்தா கதை கட்டுறதுல கெட்டிக்காரங்க. 2020 ஜூன் ஞாபகம் இருக்கா? செனான்1டி டிடெக்டர்ல 232 நிகழ்வு எதிர்பார்த்த எடத்துல 285 வந்துச்சுன்னு சொன்னதும் சூரிய ஆக்ஸியான் (சூரியன்ல இருந்து வரலாம்னு ஊகிக்கிற லேசான துகள்), அது இதுன்னு கட்டுரை மழை கொட்டுச்சு. 2022ல செனான்-என்டி வந்து பார்த்தா எல்லாம் காணோம்.

#11 துகள்வேட்டை

அந்தச் சம்பவத்தை நான் நேர் எதிரா பார்க்குறேன். முதல் கட்டுரையிலயே அவங்களே "இது டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) கொஞ்சமா கலந்திருக்குறதா கூட இருக்கலாம்"னு எழுதியிருந்தாங்க. அப்புறம் பேக்ரவுண்டை (அந்தக் குப்பை நிகழ்வுகளை) அஞ்சுல ஒரு பங்கா குறைச்சு அடுத்த டிடெக்டரைக் கட்டி அதே எடத்தைத் திரும்பப் பார்த்து இல்லன்னு அவங்களே சொன்னாங்க. மழையா கொட்டுன தியரிக் கட்டுரைங்க பத்தி எனக்கும் எரிச்சல் உண்டு, ஆனா அதுக்கு டிடெக்டர் கட்டுனவங்க என்ன பண்ணுவாங்க. இப்போ எல்இசட்ல போலி சிக்னலை டேட்டாவுக்குள்ள ரகசியமா கலந்து விடுறாங்க, உப்புப் போடுறதுன்னு சொல்லுவாங்க. அலசுறவங்களுக்கு எது நெசம் எது போலின்னு கடைசி வரைக்கும் தெரியாது, எதை வச்சுக்கணும் எதைத் தள்ளணும்ங்கிற விதியெல்லாம் முடிவான பிறகு தான் உப்பை எடுப்பாங்க. ஆசைப்பட்டு எதையும் கண்டுபுடிச்சிடக் கூடாதுங்கிறதுக்காக.

#12 சந்தேகசாமி

எல்லாரும் செனானையே புடிச்சுத் தொங்குறீங்க, டாமா சோதனையை ஏன் யாரும் பேசல? இத்தாலி கிரான் சாஸோ மலைக்குக் கீழ சோடியம் அயோடைடு கிரிஸ்டல் வச்சு 1990கள்ல இருந்து பார்த்துட்டு வந்தாங்க. வருஷா வருஷம் சிக்னல் ஏறி இறங்குது, உச்சம் ஜூன் ஆரம்பத்துக்கிட்ட. பூமி சூரியனைச் சுத்துற திசையும் சூரியன் கேலக்ஸியில ஓடுற திசையும் ஜூன்ல ஒத்துப்போகும், டார்க் மேட்டர் காத்து அப்போ தான் பலமா அடிக்கணும், கணக்கும் ஜூன் 2ன்னு தான் சொல்லுது. 2018லயே 12 சிக்மாவைத் (தற்செயலா வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு கம்மின்னு சொல்ற அளவு) தாண்டியாச்சு. ஹிக்ஸ் துகளை 5 சிக்மாவுல ஏத்துக்கிட்டீங்க, இதை ஏன் ஏத்துக்க மாட்டேங்கிறீங்க? தனக்குப் புடிச்ச டிடெக்டர்ல வந்தா தான் சிக்னலா?

#13 துகள்வேட்டை

ஏறி இறங்குதுங்கிறது உண்மை தான், 12 சிக்மா சொல்லுறதும் அது ஒண்ணைத் தான். ஏன் ஏறி இறங்குதுன்னு சிக்மா சொல்லாது. வருஷத்துக்கு ஒரு தடவை மாறுற விஷயம் உலகத்துல எவ்வளவோ இருக்கு.

செனானோட ஒப்பிடுறது நியாயமில்லன்னு நீங்க சொல்லுவீங்க, சரி, அதே சோடியம் அயோடைடையே எடுத்துக்குவோம். ஸ்பெயின் கான்ஃப்ராங்க்ல அனாய்ஸ் 112 கிலோ, கொரியாவுல கோசைன்-100, ரெண்டும் அதே கிரிஸ்டல், அதே ஆற்றல் வரம்பு. ரெண்டுலயும் ஏற்ற இறக்கம் இல்ல, சேர்த்துப் பார்த்தா டாமாவோட 4 சிக்மாவுக்கு மேல முரண்படுது. இன்னொரு விஷயம், டாமா வருஷா வருஷம் சராசரியைக் கழிச்சுட்டு மிச்சத்தைக் காட்டுற பழக்கம் உள்ளவங்க. பேக்ரவுண்டு மெதுவா மாறிட்டே இருந்தா அந்தக் கழித்தலே ரம்பப் பல் மாதிரி ஒரு போலி ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். கோசைன் ஆளுங்க தங்களோட டேட்டாவுல அதே முறையைப் போட்டுப் பார்த்தாங்க, ஏற்ற இறக்கம் வந்துச்சு!

#14 சந்தேகசாமி

அந்தக் கட்டுரையை நானும் படிச்சேன், பாதியை மட்டும் சொல்லாதீங்க சார். அவங்களுக்கு வந்த ஏற்ற இறக்கத்தோட உச்சம் டாமாவுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்துச்சு. பேக்ரவுண்டு காலத்தோட குறைஞ்சா அப்படித் தான் வரும், டாமாவுல வந்த மாதிரி வரணும்னா பேக்ரவுண்டு ஏறிட்டே போகணும். சிதையுற சமாச்சாரம் எப்படி ஏறும்? அப்புறம் சோடியம் அணுக்கரு பின்வாங்கும்போது எவ்வளவு வெளிச்சம் வரும்ங்கிற விகிதம் கிரிஸ்டலுக்குக் கிரிஸ்டல் வேறன்னு அளவீடுகளே சொல்லுது, அப்போ உங்க 2ல இருந்து 6 கேஇவி (ஆற்றல் அலகு) வரம்பும் அவங்க வரம்பும் ஒண்ணு தானா?

#15 துகள்வேட்டை

உச்சம் எதிர்ப்பக்கம்ங்கிறது சரி தான், அதனால டாமா புதிருக்கு அது முழு விளக்கம்னு நான் சொல்லல, அந்த அலசல் முறையை நம்ப முடியாதுன்னு தான் சொல்றேன். வெளிச்ச விகிதம் நியாயமான கேள்வி. ஆனா அதுக்கான மருந்து டாமா கையில தான் இருக்கு, சராசரி கழிக்காத மொத்த எண்ணிக்கையை நேர வரிசையில வெளியிட்டா பாதிச் சண்டை அன்னைக்கே முடிஞ்சிடும். அடுத்தது சேபர்ங்கிற சோதனை, ஒண்ணு கிரான் சாஸோல, இன்னொண்ணு ஆஸ்திரேலியா ஸ்டாவெல்ல ஒரு தங்கச் சுரங்கத்துல. தெற்கு அரைக்கோளத்துல கோடையும் குளிரும் தலைகீழ், டார்க் மேட்டர் காத்து மட்டும் ரெண்டு எடத்துலயும் ஜூன்ல தான் அடிக்கும்.

#16 சந்தேகசாமி

சேபர் வரட்டும். அது வரைக்கும் டாமா செத்துடுச்சுன்னு யாரும் பேச வேணாம்.

#17 ஆக்ஸியான்_அக்கா

இவ்வளவு நேரமா விம்ப் விம்ப்னே பேசிட்டு இருக்கீங்க, டார்க் மேட்டர்னா 100 ஜிஇவி குண்டு தான்னு யாரு சொன்னது? ஆக்ஸியான் பத்தி ஒரு வரி இல்ல.

விம்பை விட எனக்கு ஆக்ஸியான் புடிக்கிறதுக்குக் காரணம், அது டார்க் மேட்டருக்காகக் கண்டுபுடிச்ச துகளே இல்ல. நியூட்ரானுக்குள்ள மின்னூட்டம் உள்ள குவார்க் இருக்கு, அப்போ அதுக்கு மின் இருமுனைத் திறன் (பிளஸ், மைனஸ் மின்னூட்டம் ரெண்டு பக்கமா ஒதுங்கியிருக்குற அளவு) இருந்திருக்கணும், அளந்து பார்த்தா எதிர்பார்த்ததை விட ஆயிரம் கோடி மடங்கு கம்மி, பூஜ்யம்னே சொல்லலாம். ஏன் இப்படின்னு 1977ல பெச்சியும் குவின்னும் ஒரு வழி சொன்னாங்க, அதுல ஒரு புது லேசான துகள் தானா வந்து விழும்னு 1978ல வைன்பெர்க்கும் வில்செக்கும் தனித்தனியா காட்டுனாங்க. அந்தத் துகளே பிரபஞ்சத்தோட ஆரம்பத்துல ஏராளமா உருவாகி இன்னைக்கு டார்க் மேட்டரா இருக்கலாம்னு பின்னாடி தான் புரிஞ்சுது.

புடிக்கிற விதமும் முழுக்க வேற. நிறை சில மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட்னா ஒரு கனசென்டிமீட்டர்ல கோடி கோடி ஆக்ஸியான் இருக்கும், அதை ஒத்தைத் துகளா நினைக்கவே கூடாது, ஒரு அலையா நினைக்கணும். 1983ல சிக்கிவி சொன்னார், பலமான காந்தப்புலத்துக்குள்ள ஒரு உலோகக் குழியை வச்சா ஆக்ஸியான் மைக்ரோவேவ் ஒளியா மாறும், ஆனா குழியோட அதிர்வெண் ஆக்ஸியான் நிறையோட சரியா பொருந்தினா மட்டும் தான். சியாட்டில்ல ஏடிஎம்எக்ஸ் செய்யுறது இதைத் தான். ஸ்டேஷன் எந்த நம்பர்ல இருக்குன்னு தெரியாம ரேடியோவோட திருகைத் துளித்துளியா திருப்பிட்டே போற வேலை. வர வேண்டிய சக்தி 10⁻²³ வாட் அளவுல தான், அதனால குழியை முழுப் பூஜ்யத்துக்குப் பக்கத்துல குளிர வச்சு குவாண்டம் ஆம்ப்ளிஃபையர் போட்டுக் கேக்குறாங்க. 2018ல தான் முதல் தடவையா நம்பத்தகுந்த மாடல்கள்ல ரொம்பப் பலவீனமான ஆக்ஸியானைக் கூடக் கேக்குற அளவுக்கு வந்தாங்க. இப்போ கிட்டத்தட்ட 650ல இருந்து 1000 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பார்த்தாச்சு. பார்க்க வேண்டிய வரம்பு நூத்துக்கணக்கான கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் நீளுது, அதிர்வெண் ஏற ஏற குழி சின்னதாகி சிக்னல் இன்னும் சுருங்கும், அதான் தலைவலி. வெட்டிப்பேச்சு, உங்க "தேடியாச்சு"ங்கிற வார்த்தை இந்தப் பக்கம் இன்னும் செல்லாது.

#18 வெட்டிப்பேச்சு

அக்கா, அது தான் என் குற்றச்சாட்டே. ஒரு பக்கம் துகளோட நிறையை 10⁻²² எலெக்ட்ரான் வோல்ட் வரைக்கும் கொண்டு போறீங்க, மறுபக்கம் ஆதிகாலக் கருந்துளைன்னு போறீங்க. எங்க அடிச்சாலும் தப்பிக்கிற மாதிரி ஒரு எலி. மூட்டையைத் திறந்தா எலியே இல்லன்னா?

#19 பால்வெளிப்பயணி

கருந்துளை, மங்கல் நட்சத்திரம் மாதிரி கனமான கட்டிங்களை 1990கள்லயே மெகல்லன் மேகங்கள் பக்கம் ஒளி வளைவை வச்சுத் தேடுனாங்க, டார்க் மேட்டர் முழுசும் அதுவா இருக்க முடியாதுன்னு பெரிய நிறை வரம்பையே கழிச்சாச்சு. தப்பிக்கிறதுன்னா ஒண்ணும் கழியக் கூடாது, இங்க கழிஞ்சுட்டே வருது.

வானத்துல தேடுறது தான் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. பால்வெளி மையத்துல இருந்து எதிர்பார்த்ததை விட அதிகமா காமாக் கதிர் வருதுன்னு ஃபெர்மி தொலைநோக்கி டேட்டாவுல 2009லயே பார்த்தாங்க, டார்க் மேட்டர் துகளுங்க ஒண்ணோடொண்ணு மோதி அழிஞ்சா வர்ற மாதிரியே இருக்கு, வேகமா சுத்துற பல்சர்க் கூட்டம்னாலும் அதே மாதிரி இருக்கும். இன்னும் இழுபறி. 2012ல 130 ஜிஇவி கோடுன்னாங்க, டேட்டா சேரச் சேரக் கரைஞ்சு போச்சு. நட்சத்திரம் கம்மியா டார்க் மேட்டர் அதிகமா இருக்குற குள்ளக் கேலக்ஸிங்கள்ல தெளிவா ஒரு சிக்னல் வந்தா நம்பலாம், அங்க ஒண்ணும் காணோம்.

#20 துகள்வேட்டை

#1ல கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேரா பதில் சொல்லல, நான் சொல்றேன்.

விம்ப்னா ஒரே துகள் இல்ல, ஒரு குடும்பம். இசட் போஸான் (வலுவற்ற விசையைக் கடத்துற துகள்) வழியா அணுக்கருவை முழுப் பலத்தோட தொடுற கனமான துகள்னா கிராஸ் செக்‌ஷன் 10⁻³⁹ சதுர சென்டிமீட்டர் (மோதுற வாய்ப்பைப் பரப்பா சொல்ற கணக்கு) பக்கம் வரும். நீங்க சொன்ன அதே 1987 ஜெர்மானியம் டிடெக்டர் அந்த வகையில பெரும்பகுதியை அன்னைக்கே தூக்கிடுச்சு. அடுத்து ஹிக்ஸ் வழியா தொடுறது, 10⁻⁴⁵, 10⁻⁴⁷ன்னு பரவிக் கெடக்கு, அதைத் தான் இத்தனை வருஷமா அறுத்துட்டு இருக்காங்க. எல்இசட் இப்போ 40 ஜிஇவி நிறைக்கிட்ட 2.2 × 10⁻⁴⁸ல நிக்குது. 40 வருஷத்துக்குள்ள அவ்வளவு கூர்மை. அப்போ என்ன செத்துச்சுன்னா, "எல்எச்சி (ஜெனீவாவுல இருக்குற துகள் மோதல் இயந்திரம்) ஓடுனதும் சூப்பர்சிமெட்ரி (ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டுங்கிற கோட்பாடு) கொட்டும், அதுல லேசான நியூட்ரலினோ ஒண்ணு டார்க் மேட்டரா இருக்கும்"ங்கிற 90கள் கனவு. அதை நம்புனவங்க அதை ஒத்துக்கணும், சில பேரு இன்னும் ஒத்துக்கல, அங்க உங்க கோபம் நியாயம்.

ஆனா 1.1 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஹிக்ஸினோ (ஹிக்ஸோட சூப்பர்சிமெட்ரி ஜோடி) மாதிரி ஒரு எளிமையான ஆள் இன்னும் உயிரோட இருக்கான், கிராஸ் செக்‌ஷன் 10⁻⁴⁹ பக்கம், எல்எச்சிக்கும் எட்டல. அவனை லா பால்மாவுலயும் சிலியிலயும் கட்டிட்டு இருக்குற, காமாக் கதிரைப் பார்க்குற செரன்கோவ் தொலைநோக்கி வரிசை தான் முதல்ல தொடும்னு என் ஊகம். அதுலயும் இல்லன்னா விம்ப் மேல நான் வச்சிருக்குற நம்பிக்கையை விட்டுடுவேன். டார்க் மேட்டர் மேல இருக்குறதை விட மாட்டேன், அதை விடணும்னா பிளாங்க் டேட்டாவை வேற யாராவது வேற கணக்குல அதே துல்லியத்தோட போட்டுக் காட்டணும்.

#21 கத்துக்குட்டி

அண்ணே 10⁻⁴⁹ வரைக்கும் டிடெக்டரைப் பெருசாக்கிட்டே போனா முடியாதா?

#22 துகள்வேட்டை

அங்க தான் கிணறு வெட்ட பூதம் கெளம்புது தம்பி. சூரியன்ல இருந்து வர்ற போரான்-8 நியூட்ரினோ (எதோடயும் அவ்வளவா மோதாத லேசான துகள்) செனான் அணுக்கருவை இடிச்சா லேசான விம்ப் இடிச்ச மாதிரியே இருக்கும். 2024ல செனான்-என்டியும் சீனாவுல இருக்குற பாண்டாஎக்ஸ்-4டியும் அதோட முதல் அறிகுறியைப் பார்த்துட்டாங்க, 2.7 சிக்மா பக்கம். கனமான விம்ப் பக்கம் காத்துமண்டல நியூட்ரினோ வந்து மறைக்கும். நியூட்ரினோ மூட்டம்னு சொல்றது இதைத் தான், தண்ணித் தொட்டியோ பாறையோ போட்டு இதை நிறுத்த முடியாது.

#23 ஆக்ஸியான்_அக்கா

திசை பார்த்தா பிரிக்கலாமே? நியூட்ரினோ சூரியன் பக்கம் இருந்து வரும், விம்ப் காத்து சிக்னஸ் விண்மீன் கூட்டம் பக்கம் இருந்து வரும்.

#24 துகள்வேட்டை

பிரிக்கலாம் அக்கா, சூரிய நியூட்ரினோவை மட்டும். ஆனா பின்வாங்குற அணுக்கரு எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியணும்னா தடம் நீளமா இருக்கணும், திரவத்துல அது மைக்ரோமீட்டருக்கும் கீழ. அதனால அழுத்தம் கம்மியான வாயு வேணும். இங்கிலாந்து பௌல்பி சுரங்கத்துல டிரிஃப்ட்ங்கிற சோதனையில செஞ்ச மாதிரி 40 டார் அழுத்தத்துல கார்பன் டைசல்ஃபைடுன்னா ஒரு கனமீட்டருக்கு 167 கிராம் தான் தேறும். ஒரு டன் வேணும்னா 6,000 கனமீட்டர்.

#25 வெட்டிப்பேச்சு

அதாவது அடுத்த டிடெக்டர் இன்னும் பெருசு.

#26 துகள்வேட்டை

ஆமா தல, இன்னும் பெருசு 😄 ஹிக்ஸினோ கணக்கை இங்கயே போடட்டா, இல்ல தனி இழை தொடங்கட்டா?